டெல்லிக் குளிரில் அரை மாரத்தான் பயிற்சி: எந்த நாள் வெளியே, எந்த நாள் டிரெட்மில்?

மயூர்விஹார்_21கே:

வணக்கம். மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் இருக்கிறேன். பிப்ரவரிக் கடைசியில் அரை மாரத்தான். வாரத்துக்கு ஐந்து ஓட்டம், மொத்தம் 40 கி.மீ. சொச்சம்: மூன்று ஈஸி (ஒவ்வொன்றும் 7 கி.மீ.), ஒரு இன்டர்வல் (வேக ஓட்டமும் நடையும் மாறி மாறி), ஞாயிறு லாங் ரன். லாங் ரன்னை 14-இலிருந்து 18-க்கு ஏற்ற வேண்டும். ஈஸி பேஸ் (ஒரு கி.மீ.-க்கு ஆகும் நேரம்) 6:45, இன்டர்வல் பேஸ் 5:20. வழக்கமான இடம் சஞ்சய் ஏரிப் பூங்கா, நேரம் காலை 5:45.

என் கேள்விகள் இவை. இன்று காலை ஒரு ஆப் ஏக்யூஐ (காற்றுத்தரக் குறியீடு) 194 காட்டியது, இன்னொன்று 290 காட்டியது. எதை நம்பி வெளியே போவது? சொசைட்டி ஜிம்மில் இரண்டு டிரெட்மில் இருக்கின்றன. ஜன்னல் எல்லாம் மூடி, ஸ்ப்ளிட் ஏசி. அங்கே ஓடினால் புகையிலிருந்து தப்பித்த மாதிரியா? 6 டிகிரியில் ஓடினால் குளிர்காற்று நெஞ்சில் இறங்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், அது எவ்வளவு தூரம் உண்மை? என்95 போட்டுக்கொண்டு ஓடலாமா? கடைசியாக, குளிர்காலத்தில் மட்டும் ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் மூச்சு லேசாக இழுக்கிறது. அதற்கு என்ன செய்வது?

—

காற்றளவி:

முதலில் அந்த 194, 290 விஷயம். இரண்டுமே சரியாக இருக்கலாம், ஒரே காற்றைத்தான் இரண்டு அளவுகோலில் சொல்கின்றன. பிஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகும் நுண்துகள்) ஒரு கனமீட்டருக்கு 117 மைக்ரோகிராம் இருந்தால், நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏக்யூஐ 290 வரும். அமெரிக்க அளவுகோலில் அதே காற்று 194. காற்று கொஞ்சம் நன்றாக இருக்கும்போது நிலைமை தலைகீழ்: 60 மைக்ரோகிராமுக்கு நம் எண் 100, அமெரிக்க எண் 150-ஐத் தாண்டிவிடும். ஆகவே ஏக்யூஐ எண்ணை விட்டுவிடுங்கள். பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல்: நம் ஏக்யூஐ என்பது 24 மணி நேரச் சராசரி. தினமும் மாலை 4 மணிக்கு வரும் அறிக்கை, அதற்கு முந்தைய ஒரு முழு நாளின் கணக்கு. நீங்கள் வெளியே போகும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மணிவாரியான பிஎம் 2.5 செறிவு தனியாகக் கிடைக்கும். உங்களுக்குப் பக்கம் பட்பர்கஞ்ச் நிலையம். ஆனந்த் விஹார் எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது பேருந்து நிலையம், ரயில் நிலையம், மாநில எல்லைச் சாலை எல்லாம் நெருங்கிக் கிடக்கிற இடம், எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஆர்.கே.புரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்.கே.புரம் நிலையம், லோதி தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு லோதி ரோடு அல்லது நேரு ஸ்டேடியம் நிலையம்.

இப்போது உங்கள் 5:45. ஊரில் விடிகாலைக் காற்றுதான் சுத்தம் என்று பழகியவர்கள் நாம். டெல்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை இது பொருந்தாது. இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிகிறது, அதன் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. புகை கலக்கக் கிடைக்கும் உயரம் இரவில் சில நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரவெல்லாம் ஓடிய லாரிகளின் புகை, குளிர்காயக் கொளுத்திய விறகு, அதன் மேல் காலை அலுவலகப் போக்குவரத்து எல்லாம் அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே சேர்கிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி உடையும். வெயில் தெளிந்த நாளில் பிற்பகல் 1:30 முதல் 4:30 வரை அந்த உயரம் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு விரிகிறது, காற்றும் கொஞ்சம் நகர்கிறது. ஒரே நாளில் காலை 7 மணியின் எண்ணையும் மாலை 3 மணியின் எண்ணையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பல நாட்களில் பாதிக்குப் பாதி வித்தியாசம் தெரியும். சூரியன் 5:30-க்கு மறைந்ததும் மூடி மறுபடி விழ ஆரம்பிக்கும். அதனால் இரவு 9 மணி ஓட்டம், காலை ஓட்டத்தைவிட நல்லது என்று எண்ண வேண்டாம்.

எந்த எண்ணுக்கு என்ன செய்யலாம்? இது என் தீர்ப்பு, அரசு விதி அல்ல. மணிநேர பிஎம் 2.5 60-க்குக் கீழே என்றால் எதையும் வெளியே ஓடலாம், இன்டர்வல் உட்பட. 60 முதல் 90 வரை ஈஸி ஓட்டம் ஒரு மணி நேரம் வரை வெளியே, இன்டர்வல் உள்ளே. 90 முதல் 120 வரை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30, 40 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 120 தாண்டினால் உள்ளே. இழுப்பு இருப்பதால் நீங்கள் ஒவ்வொரு வரம்பையும் ஒரு படி கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்: மற்றவர்களுக்கு 120 என்றால் உங்களுக்கு 90.

இன்டர்வலை ஏன் முதலில் உள்ளே தள்ளுகிறேன் என்றால், மூச்சின் அளவு. உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஈஸி ஓட்டத்தில் 50 லிட்டர் சுமார், இன்டர்வலில் 90-ஐயும் தொடும். வாய் வழியாக இழுப்பதால் மூக்கு செய்யும் சிறு வடிகட்டலும் போய்விடுகிறது. 45 நிமிட ஈஸி ஓட்டத்தில் உள்ளே போகும் காற்று, அதே இடத்தில் நாலரை மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

அதே கணக்கை இன்னொரு பக்கமும் பாருங்கள். எட்டு மணி நேரம் தூங்கும்போது சுமார் 3 கனமீட்டர் காற்றை இழுக்கிறோம், அந்த 45 நிமிட ஓட்டத்தில் இழுப்பது இரண்டேகால். ஓட்டத்தை மட்டும் உள்ளே மாற்றிவிட்டு, ப்யூரிஃபையர் இல்லாத அறையில் தூங்கினால் பெரிய பங்கு அப்படியே இருக்கிறது. வாங்கும் முதல் ப்யூரிஃபையர் படுக்கையறைக்குத்தான் போக வேண்டும்.

2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது: சராசரி பிஎம் 2.5 100 இருக்கும் ஊரில், தினமும் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் ஓட்டினால்தான் தீமை நன்மையை மிஞ்சும் என்று. அது உண்மை. ஆனால் அது ஆண்டுக் கணக்கான சராசரியை வைத்துப் பொது மக்களுக்குப் போட்ட கணக்கு. ஓடுகிறவரின் மூச்சு, சாதாரணமாக சைக்கிள் மிதிப்பவரின் மூச்சைவிட அதிகம். ஆஸ்துமா உள்ளவரை அது தனியாகப் பார்க்கவில்லை. அதை வைத்து 300 மைக்ரோகிராம் காலையில் 18 கி.மீ. ஓடலாம் என்று முடிவுக்கு வருவது தவறு.

வாரத் திட்டம் போட காற்றின் வேகத்தைப் பாருங்கள். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018 முதல் டெல்லிக்கு நடத்தும் முன்னெச்சரிக்கைத் தளத்தில் காற்றோட்டக் குறியீடு என்று, புகை எவ்வளவு கலையும் என்று காட்டும் ஓர் எண் வரும். அது 6000-க்குக் கீழே, காற்று மணிக்கு 10 கி.மீ.-க்குக் கீழே என்றால் புகை கலையாது. அந்த நாட்களை டிரெட்மில்லுக்கு ஒதுக்குங்கள். மேற்கத்தியக் கலக்கம் (குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை மேகக் கூட்டம்) வந்து மழை தூறி, மறுநாள் வடமேற்கிலிருந்து சில்லென்று காற்று அடித்தால், அதுதான் வெளியே நீளமாக ஓட வேண்டிய நாள். குளிர் கூடுதலாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும். இந்த ஊரில் நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்: அந்தக் குளிர் நாளில் உள்ளே இருந்துவிட்டு, காற்று அசையாத இதமான நாளில் வெளியே போகிறார்கள்.

—

பெல்ட்_மோட்டார்:

ஜிம் பத்தி நான் சொல்றேன். மூடின ஜன்னல் வேற, சுத்தமான காத்து வேற. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள்ள இருக்கிற காத்தையே சுத்தி விடுது. அதுல இருக்கிற வலை தூசு, முடி பிடிக்கும், பிஎம் 2.5-ஐப் பிடிக்காது. கதவு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற ஜிம்முல, ப்யூரிஃபையர் இல்லைன்னா, உள்ளே இருக்கிறது கிட்டத்தட்ட வெளிக்காத்துதான். முதல்ல அளந்து பாருங்க. கையில வச்சுக்கிற லேசர் மீட்டர் ஒண்ணை ஜிம்முக்கு வெளியே அஞ்சு நிமிஷம், டிரெட்மில் பக்கத்துல அஞ்சு நிமிஷம் வையுங்க. உள்ளே எண், வெளி எண்ல பாதிக்கு மேல இருந்தா அங்க ஓடி உங்களுக்கு ஆதாயம் குறைவு. மூடுபனி நாள்ல மட்டும் அந்த மீட்டரை வெளியே நம்பாதீங்க. பனித்துளியையும் தூசுன்னு எண்ணிக் கூட்டிக் காட்டும். அன்னைக்கு நிலையத்து எண்தான் சரி.

ஜிம் 30 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடின்னு வச்சுக்குவோம். அது 170 கனமீட்டர். மணிக்கு அஞ்சு தடவை காத்தை வடிகட்டணும்னா 850 கனமீட்டர் திறன் வேணும். வீட்டுக்கு வாங்குற ப்யூரிஃபையர் பெட்டியில சிஏடிஆர் (மணிக்கு எத்தனை கனமீட்டர் காத்தைச் சுத்தம் பண்ணும்ங்கிற எண்) 300-ன்னு போட்டிருக்கும், அப்ப அது மாதிரி மூணு வேணும். ஒரு மூலையில ஒண்ணை வச்சுட்டு ஜிம் சுத்தமாயிடுச்சுன்னு சங்கத்துல சொன்னா ஏத்துக்காதீங்க, கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

வீட்டு அறை சுலபம். 12-க்கு 10 அறை, 10 அடி உயரம், 34 கனமீட்டர். அதே சிஏடிஆர் 300 மெஷின் மணிக்கு ஒம்பது தடவை வரைக்கும் சுத்தும். ஓடுறதுக்கு 30, 40 நிமிஷம் முன்னாடியே அதிக வேகத்துல போட்டுடுங்க. ஆட்டோல விடாதீங்க, சென்சார் சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சு வேகத்தைக் குறைச்சிடும், நீங்க ஓடி மூச்சு வாங்குற நேரத்துல அது மெதுவாச் சுத்திட்டிருக்கும். சுவத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி வையுங்க. அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் முன்வலையை வாரம் ஒரு தடவை வாக்குவம் போடணும், அடைச்சுக்கிட்டா பெட்டியில போட்ட 300 வராது.

இதுல பலர் விடுற ஒரு இடம்: அறையை முழுசா அடைச்சுட்டு ஓடுறது. ப்யூரிஃபையர் தூசை எடுக்கும், கார்பன் டை ஆக்சைடை எடுக்காது. ஈஸி ஓட்டத்துல நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் வெளியே விடுவீங்க. 40 நிமிஷத்துல 80 லிட்டர். கதவும் ஜன்னலும் இறுக்கமா மூடின 34 கனமீட்டர் அறையில அது 2300 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) மேல ஏத்தும், ஏற்கெனவே இருக்கிற 400-ஓட சேர்ந்து 2700 தாண்டும். தலை கனக்கும், வேகம் வராது, உடம்பு சரியில்லைன்னு நினைப்பீங்க. அதனால வெளி ஜன்னலை மூடிட்டு, ஹால் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்க. ஹாலோட காத்து கலந்துக்கும். சமையலறையில தாளிப்பு நடக்கும்போதும், பூஜையில ஊதுபத்தி, சாம்பிராணி புகையும்போதும் ஓடாதீங்க. மிளகாய், கடுகு தாளிச்ச அஞ்சு நிமிஷத்துல மீட்டர் எங்கே போகுதுன்னு பாத்தாத் தெரியும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்ல சுத்தி ஓடுறது மட்டும் வேண்டவே வேண்டாம். மழை இல்லை, குளிர் இல்லைன்னு சில சொசைட்டில ஓடுறாங்க. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி எடுக்கிற காலை நேரத்துலதான் கார்பன் மோனாக்சைடு அதிகம், அங்க காத்து போற வழியும் இல்லை. அதே மாதிரி அங்கீட்டியில (குளிர்காயுற கரி அடுப்பு) கரி எரியுற அறையில ஓட்டமோ தூக்கமோ கூடாது.

இனி மெஷின். சொசைட்டி மெஷின் திரையில காட்டுற வேகத்தை அப்படியே நம்பாதீங்க. பெல்ட்டோட ஓரத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கையால தள்ளித் தள்ளி டேப்பால முழு நீளத்தை அளங்க. 2.8 மீட்டர்னு வச்சுக்குவோம். நீங்க 10 கி.மீ. வேகத்துல ஓடும்போது இன்னொருத்தர் கோடு 20 தடவை சுத்துற நேரத்தைப் பிடிக்கணும். 56 மீட்டருக்கு 20.2 நொடி வரணும். 22 நொடி ஆனா உண்மையான வேகம் 9.2 தான், 6:00 பேஸ்னு நினைச்சு 6:33-ல ஓடிட்டிருக்கீங்க. யாரும் மேல இல்லாம அளந்தா தப்பா வரும், ஆள் ஏறினாத்தான் பெல்ட் இழுபடும்.

உங்க 6:45-க்கு 8.9, உங்க 5:20-க்கு 11.2 அல்லது 11.3 போடணும். சரிவு எல்லாரும் 1 சதவீதம்னு சொல்லுவாங்க. 1996-ல ஜோன்ஸ், டவுஸ்ட் ரெண்டு பேரும் செஞ்ச ஆய்வுல இருந்து வந்த எண் அது. வெளியே எதிர்காத்தைக் கிழிக்கிற செலவை அது ஈடு கட்டும், ஆனா 10.5 கி.மீ. வேகத்துக்கு மேலதான் அது பொருந்தும். அதனால உங்க ஈஸி ஓட்டத்துக்கு பூஜ்யமோ அரையோ போதும், இன்டர்வலுக்கு 1 வையுங்க. 800 மீட்டர் அஞ்சு தடவைன்னா ஒவ்வொண்ணும் 4 நிமிஷம் 16 நொடி. பெல்ட் வேகம் எடுக்க 15 நொடி ஆகும், வேகம் வந்த பிறகு எண்ண ஆரம்பிங்க. நடுவுல 6-க்கு இறக்கி நடங்க. ஓடுற பெல்ட்ல இருந்து ஓரப் பலகையில குதிச்சு ஏறுற பழக்கம் வேணாம், களைச்ச காலோட ஏறி இறங்கும்போதுதான் விழுறாங்க. சேஃப்டி கீயைச் சட்டையில மாட்டுங்க, கரண்ட் போனாலும் மெஷின் நின்னாலும் கைப்பிடி எட்டுற தூரத்துல இருங்க.

முன்னால ஒரு பெடஸ்டல் ஃபேன் கட்டாயம். ஜனவரியா இருந்தாலும் சரி. வெளியே ஓடும்போது காத்து தானா மேல படுது, டிரெட்மில்ல நிக்கிற இடத்துலயே ஓடுறீங்க, வேர்வை ஆவியாகாது. ஃபேன் இல்லாம அதே வேகத்துல இதயத்துடிப்பு பத்து, பதினஞ்சு கூடிப்போறது சகஜம். ரூம் ஹீட்டரை அணைச்சிடுங்க.

—

லோதி_ஆறுமணி:

குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை முடித்துவிடுகிறேன். 6 டிகிரி ஓட்டத்துக்கு நல்ல தட்பம். டெல்லிக் குளிரில் நெஞ்சைக் கெடுப்பது புகைதான். இழுப்பு இருப்பவர்களுக்கு மட்டும் குளிர்ந்த, வறண்ட காற்று தனியாகத் தொந்தரவு தரும். வீட்டில் அப்படிச் சொல்லிப் புரியவையுங்கள்.

உடுப்பில் எல்லாரும் செய்யும் தவறு, கிளம்பும்போது இதமாக இருக்கும்படி உடுத்துவது. இப்போது இருப்பதைவிட 8, 10 டிகிரி கூடுதலாக இருந்தால் என்ன போடுவீர்களோ அதைப் போடுங்கள். முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். 6 டிகிரிக்கு மெல்லிய முழுக்கை பாலியஸ்டர் உள்சட்டை, மேலே ஒரு டிஷர்ட், கையுறை, காதை மூடும் பட்டை போதும். காற்று அடித்தால் மெல்லிய விண்ட்சீட்டர். பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றவுடன் உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி ஸ்வெட்டர் இரண்டாவது கிலோமீட்டரில் இடுப்பில் கட்டிக்கொள்ளத்தான் உதவும். முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் ஈரச் சட்டையை மாற்றுங்கள், மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது. லாங் ரன்னில் அரை மணிக்கு 150, 200 மி.லி. குடித்தே ஆக வேண்டும்.

மூடுபனி. 200 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் வானிலைத் துறைக் கணக்கில் அது அடர்பனி, 50-க்குக் கீழே மிக அடர்பனி. விளக்குக் கம்பங்களை வைத்து மதிப்பிடலாம். அடர்பனி என்றால் சாலையில் கால் வைக்க வேண்டாம், பூங்காவுக்குள் மட்டும், மினுங்கும் பட்டை போட்டு. சாலை ஓரம் ஓடத்தான் வேண்டும் என்றால் வண்டிகள் எதிரே வரும் பக்கம் ஓடுங்கள். பனி அடர்ந்த நாளில் காற்றும் அசைவதில்லை என்பதால், காற்றளவி சொன்ன எண்ணே பெரும்பாலும் உள்ளே போ என்று சொல்லிவிடும்.

இடம் தேர்வில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிஎம் 2.5 ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, பூங்காவுக்குள் போனதால் அது பாதியாகாது. ஆனால் வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடும் மிக நுண்ணிய துகள்களும் சாலையிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளினால் நன்றாகக் குறைகின்றன. ஆகவே லோதி தோட்டத்தில் ஓடினால் லோதி ரோட்டை ஒட்டிய சுற்று வேண்டாம், உள்பாதை. சாணக்கியபுரி நேரு பார்க், மெஹ்ரோலிப் பக்கம் சஞ்சய் வன் இரண்டும் இதற்கு ஏற்றவை. சஞ்சய் வன்னுக்கு இருட்டில் தனியாகப் போக வேண்டாம், மண் பாதையில் வேர்கள் உண்டு. எங்கே ஓடினாலும் கேட் பக்கத்தில் காவலாளிகள் இரவெல்லாம் கொளுத்திய நெருப்பு, தோட்டக்காரர்கள் குவித்துப் பற்றவைத்த சருகு, இந்த இரண்டையும் கவனியுங்கள். ஊர்ச் சராசரி 100 இருக்கும்போது அந்தப் புகைக்குள் நாலு தடவை சுற்றினால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை. சுற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற்பகல் என்று சொல்வது சரிதான், ஆனால் ஞாயிறு பிற்பகல் லோதி தோட்டத்தில் வெயில் காயும் கூட்டத்தில் பாய்களுக்கு நடுவே ஓட முடியாது. லாங் ரன்னை 12:30-க்கே ஆரம்பித்து விடுங்கள், அல்லது சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். ஞாயிறு எண் 60-க்கு மேல், 90-க்குள் என்றால் பிரித்து ஓடலாம்: 6 கி.மீ. வெளியே, உடனே வீட்டுக்கு வந்து 8 கி.மீ. டிரெட்மில். நடுவில் பத்து நிமிட இடைவெளி இருந்தாலும் லாங் ரன்னின் பயன் பெரும்பாலும் கிடைத்துவிடும். இரண்டு நாளாகப் பிரித்தால் கிடைக்காது.

—

மூச்சு_கவனம்:

இழுப்பு பற்றி. ஓட்டம் நின்று ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் வருவது, குளிர்காலத்தில் மட்டும் வருவது, இரண்டும் சேர்ந்தால் உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குவதாக இருக்க வாய்ப்பு அதிகம். வேகமாக மூச்சு வாங்கும்போது வறண்ட குளிர்காற்று குழாயின் உட்சுவரை உலர்த்துகிறது, அந்த உலர்தலே தசையைச் சுருக்குகிறது. புகை அதைக் கூட்டுகிறது. இது ஸ்டாமினா குறைவு அல்ல, பழகினால் போய்விடும் என்று ஓடித் தள்ள வேண்டாம்.

மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி) கிடைக்கும். ஓடும் முன் மூன்று தடவை ஊதி அதிகபட்சத்தைக் குறியுங்கள். முடிந்த பிறகு 5, 10, 15-ஆம் நிமிடங்களில் ஊதுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், உதாரணமாக 480 இருந்தது 400-க்குப் போனால், அந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். வெளியே மூன்று நாள், டிரெட்மில்லில் மூன்று நாள் என்று இரண்டு பட்டியல் கொண்டு போனால் அவருக்கு முடிவு எடுக்கச் சுலபம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை ஓட்டத்துக்குக் கால் மணி முன் எடுக்கச் சொல்வார்களா, தினசரித் தடுப்பு இன்ஹேலர் தருவார்களா என்பது அவர் முடிவு. நண்பரின் இன்ஹேலரை வாங்கி இழுக்காதீர்கள்.

மருந்து இல்லாமல் செய்யக்கூடியது வார்ம்அப். உள்ளேயே, வீட்டுக்குள்ளேயே, 10 முதல் 15 நிமிடம்: வேக நடை, மெதுவான ஓட்டம், நடுவில் அரை நிமிட வேக ஓட்டம் நாலைந்து. பலருக்கு இதற்குப் பிறகு ஒன்று, இரண்டு மணி நேரம் குழாய் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. முடிவிலும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள்.

முகமூடி இரண்டு வகை வேலைக்கு. வாயை மூடும் மெல்லிய துணி அல்லது மஃப்ளர் மூச்சைச் சூடாக்கும், ஈரமாக்கும். குளிரால் வரும் இழுப்புக்கு உதவும், பிஎம் 2.5-ஐத் தடுக்காது. என்95 துகளைத் தடுக்கும், ஆனால் ஓரம் முழுக்க முகத்தில் ஒட்டினால்தான். ஓட்டத்தில் வேர்வையால் ஓரம் வழுக்கி, பலமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இடைவெளி வழியாகக் காற்று நுழையும். துணி ஈரமானதும் மூச்சுக்குத் தடை ஏறும், அதைக் கழற்றத்தான் தோன்றும். தாடி இருந்தால் ஆரம்பத்திலேயே ஒட்டாது. வால்வு வைத்த என்95-ஐப் பூங்கா வரைக்கும் நடக்க, திரும்பி வர, 7:30 பேஸில் மெதுவாக ஓடப் பயன்படுத்தலாம். இன்டர்வலுக்கு வேண்டாம். எண் 200 இருக்கிறது, முகமூடி இருக்கிறதே என்று கிளம்புவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

ஓடும்போது நெஞ்சு இறுகினால், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனால், நடையாக மாற்றி உள்ளே வந்துவிடுங்கள். உட்கார்ந்து 15 நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே மருத்துவமனை.

—

மயூர்விஹார்_21கே:

எல்லாருக்கும் மிக்க நன்றி. 117 கணக்கு இப்போதுதான் புரிந்தது. பீக் ஃப்ளோ மீட்டர் இன்றே வாங்கிவிடுகிறேன். ஒரு சிக்கல்: வார நாட்களில் அலுவலகம் 9:30 முதல் 6:30 வரை, பிற்பகல் கிடைக்காது. அப்படியானால் வாரத்தில் நாலு ஓட்டம் டிரெட்மில், வார இறுதியில் ஒன்று வெளியே என்று ஆகும். அது போதுமா? 12-க்கு 10 அறை இருக்கிறது, மடக்கி வைக்கும் டிரெட்மில் வாங்கலாம் என்று பார்க்கிறேன். 2 எச்பி பீக் என்று போட்ட ஒன்று விலை குறைவாக இருக்கிறது.

—

பெல்ட்_மோட்டார்:

பீக் எச்பியைப் பாக்காதீங்க, அது ஒரு நொடி இழுக்கிற சக்தி. தொடர் எச்பி 2.5 முதல் 3 வரை இருக்கணும். பெல்ட் குறைஞ்சது 45 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம். உயரமானவர்னா 140. நடைபயிற்சிக்குன்னு வர தட்டை மெஷின் பல 6-லயோ 8-லயோ நின்னுடும், உங்க ஈஸி பேஸுக்கே பத்தாது. சில வீட்டு மெஷின் 60 நிமிஷத்துலயோ 99 நிமிஷத்துலயோ தானா நின்னுடும், லாங் ரன்னுக்கு முன்னாடி அதைக் கேட்டு வாங்குங்க.

16 ஆம்ப் பாயின்ட், நல்ல எர்த், எக்ஸ்டென்ஷன் போர்டு வேணாம். அடியில 8, 10 மி.மீ. ரப்பர் மேட், இல்லைன்னா கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தலைமேல இடிக்கிற மாதிரி இருக்கும். பெல்ட்டுக்கு அடியில சிலிக்கான் எண்ணெய், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 15, 20 மி.லி., கையேடு வேற சொன்னா அது சொல்றபடி. துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடிக்காதீங்க, பெல்ட் ரப்பர் கெட்டுடும். டெல்லித் தூசு பலகைக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல சேர்ந்தா உராய்வு கூடி மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா அணையுற சுவிட்ச்) அடிக்கடி விழுந்தா முதல்ல அங்க துடைச்சுப் பாருங்க, மோட்டாரை மாத்த ஓடாதீங்க.

—

லோதி_ஆறுமணி:

நாலு உள்ளே, ஒன்று வெளியே என்பது டிசம்பர், ஜனவரிக்குப் போதும். இதயமும் நுரையீரலும் வித்தியாசம் பார்க்காது. கால் பார்க்கும். டிரெட்மில் பெல்ட் தார்ச்சாலையைவிட மெத்தென்று இருக்கும், திருப்பம் இல்லை, இறக்கம் இல்லை. ஆறு வாரம் அதிலேயே ஓடிவிட்டு நேரே பந்தயச் சாலையில் 21 கி.மீ. இறங்கினால் கெண்டைக்கால், குதிகால் தசைநார், முன்தொடை மூன்றும் 14-ஆவது கிலோமீட்டரில் பிடிக்கும். அதனால் அந்த ஒரு வெளி ஓட்டம் கண்டிப்பாகத் தார்ச்சாலை அல்லது கான்கிரீட்டாக இருக்கட்டும், புல்லோ மண்ணோ வேண்டாம். உள்ளே ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சரிவை 0, 1, 2 என்று மாற்றுங்கள், ஒரே தசை ஒரே கோணத்தில் அடி வாங்காமல் இருக்கும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் காற்று கொஞ்சம் எழும்பும், விடியலும் முன்னால் வரும். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வாரம் இரண்டு ஓட்டம் சாலைக்கு, அடுத்த வாரம் மூன்று. முதல் சாலை ஓட்டத்தை 5 கி.மீ.-உடன் நிறுத்தி, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை நீட்டுங்கள். பந்தயம் காலையில்தான் நடக்கும் என்பதால், அந்த மூன்று வாரத்தில் எண் 60-க்குக் கீழே வந்த ஏதாவது ஒரு காலையில், பந்தய உடுப்போடு, பந்தய நேரத்துக்கே 8 கி.மீ. ஓடிப் பார்த்துவிடுங்கள். கையுறையும் காதுப்பட்டையும் அன்றைக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் கழற்ற வேண்டியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.